ரோஜா நிறம் என்றால் அருமை

காலை ஆறு மணிக்குப் புதுக்காற்றைத் திறந்துவிட்டார்கள். ஆறாம் அடுக்கின் நடைகூடத்தில் குடித்தனக்காரர்கள் தலையணையும் போர்வையுமாகக் காற்றுத்துளைகளுக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். அரை மணி நேரமே வரும் அந்தக் காற்றில் துணியை உதறிக்கொண்டால் மறுநாள்வரை படுக்கையில் வியர்வை நாற்றம் இருக்காது. நிலவின் தென்முனையில், பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய பன்னிரண்டு அடுக்குகளிலும் விடியல் என்றால் இதுதான். மீதி நேரமெல்லாம் மூச்சுக்கணினி சுத்தப்படுத்தித் தரும் பழைய காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டும்.

உதறிய போர்வைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து வந்தாள் அஞ்சுகம். ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாக மூச்சுக்கணினிப் பராமரிப்பு வேலை. நிலவில் உடம்பின் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும். அவளுடைய முழங்கால் வலி மட்டும் குறையாமல் முழுசாகவே இருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சடகோபன் மூச்சுக்கணினி இருந்த கூண்டின் எதிரிலேயே காத்திருந்தார்.

“வாங்க மேடம். லைட்டு கொண்டாந்தீங்களா?”

“கொண்டாந்திருக்கேன் சார். ஆனா இந்தக் கணினிக்கு என்ன குறை? பதினோரு வருஷமா ஒரு நாள் நின்னதில்லையே.”

“ஓடுறது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்? அஞ்சாம் அடுக்குல போய்ப் பாருங்க, உசிரோட இருக்கிற மாதிரி கலர் கலரா மின்னுது. நம்மளது செத்த மாதிரி கெடக்கு. ஜனங்க பயப்படுறாங்க மேடம்.”

அஞ்சுகம் கருவிப்பெட்டியை இறக்கி வைத்தாள். மண்டியிட்டாள். கூண்டைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தாய்ப்பலகையின் ஓரத்தில் பொடி எழுத்துகளைத் தேடினாள். ஒளிநாடாவை, அந்த நிறவிளக்குப் பட்டையை, செருகுவதற்கென்று இரண்டு இடம் இருந்தது. நான்கு முள் உள்ளது பன்னிரண்டு வோல்ட். பக்கத்திலேயே, ஒரு முள் விழுந்துபோனதுபோல இடைவெளி விட்டு மூன்று முள் மட்டும் உள்ளது ஐந்து வோல்ட். கையில் இருந்த நாடா ஐந்து வோல்ட் வகை. அவசரத்தில் மாற்றிச் செருகினால் ஒரு நொடியில் கருகிவிடும். விசிறிகளின் கம்பிகளை விரலால் ஒதுக்கி, பிளக்கில் இருந்த அம்புக்குறியைச் சரியான முள்ளுக்கு நேராகப் பிடித்து மெல்ல அழுத்தினாள். மூன்றாவது முயற்சியில் உட்கார்ந்தது.

கூண்டு பச்சையானது, நீலமானது, பிறகு ரோஜா நிறமானது. நடைகூடத்தில் கைதட்டல் எழுந்தது.

“பச்சைன்னா காத்து நல்லா இருக்குன்னு அர்த்தமா மேடம்?” என்று கேட்டாள் எதிர்வீட்டு ரெஜினாமேரி.

“அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பலகையில கரண்ட் இருந்தா லைட்டு எரியும். நிறம் அதுபாட்டுக்கு மாறும். சும்மா அழகுக்கு.”

மறுநாள் சங்கத்தின் அறிவிப்பு கூண்டின்மேல் ஒட்டப்பட்டது. பச்சை என்றால் நன்று. நீலம் என்றால் மிக நன்று. ரோஜா என்றால் அருமை. கெட்ட காற்றுக்கென்று நிறம் எதையும் சடகோபன் ஒதுக்கவில்லை. அப்படி ஒன்றைக் குறிப்பிட்டு ஜனங்களை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

மூன்று மாதத்தில் பன்னிரண்டு அடுக்குகளிலும் விளக்கு வந்துவிட்டிருந்தது. அப்போதுதான் அஞ்சுகத்தின் மேசைத்திரையில் ஆறாம் அடுக்கின் கரியமில வாயு அளவு ஏறத் தொடங்கியது. வடிகட்டியில் காற்றுவழியைத் திறந்து மூடும் அடைப்பிதழ் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் காற்றோட்டத்தை இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். அதற்கு முன் அடுக்கில் இருந்த நானூறு பேரும் வெளியேறியாக வேண்டும். தாமதித்தால் மயக்கம் வரும். மயக்கம் வந்துவிட்டால் வெளியேற முடியாது.

அவள் ஓடிப்போய் நடைகூடத்தில் நின்று கத்தினாள். “எல்லாரும் அஞ்சாம் அடுக்குக்குப் போங்க! ரெண்டே மணி நேரம். காத்து கெட்டுப்போயிருக்கு!”

கதவுகள் திறந்தன. தலைகள் நீண்டன. எல்லாத் தலைகளும் முதலில் கூண்டைப் பார்த்தன.

“ரோஸ்ல தானே மேடம் இருக்கு?” என்றார் சடகோபன், கொட்டாவி விட்டபடி.

“அந்த லைட்டுக்கும் காத்துக்கும் சம்பந்தமே இல்ல சார்! இந்த மீட்டரைப் பாருங்க. ஏறிக்கிட்டே போகுது.”

அவர் மீட்டரை எட்டிப் பார்த்தார். நான்கு இலக்க எண் ஒன்று கறுப்பாக நின்றது. “இது பழைய மீட்டரோ?” என்றார்.

ரெஜினாமேரி நெற்றியில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு கதவோரம் சாய்ந்திருந்தாள். “எனக்குக் காலையிலேருந்து தலைவலி தாங்கல. பிள்ளைங்களும் சுருண்டு சுருண்டு படுத்துக்குதுங்க. ஏதோ சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். காத்துல ஒண்ணும் இல்ல மேடம். நான் அப்பப்போ வந்து லைட்டைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அஞ்சுகத்துக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. அவள் கூண்டைத் திறந்தாள், கையை உள்ளே விட்டாள், மூன்று முள் பிளக்கைப் பிடுங்கினாள்.

ரோஜா நிறம் அணைந்தது.

யாரோ வீறிட்டார்கள். “காத்து நின்னுபோச்சு!” சடகோபன் மார்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிறது என்றார். ரெஜினாமேரி பிள்ளைகளை இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். பதினோரு நிமிடத்தில் ஆறாம் அடுக்கு காலியானது. வருடாவருடம் நடக்கும் அவசரகால ஒத்திகையில் இதற்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

முகமூடியை மாட்டிக்கொண்டு அஞ்சுகம் தனியாக அடைப்பிதழை மாற்றினாள். மீட்டர் இறங்கிய பிறகு ஒளிநாடாவையும் மறுபடி செருகினாள். திரும்பி வந்தவர்கள் நிறத்தைக் கண்டதும் கைதட்டினார்கள். “லைட்டு வந்ததும் தலைவலி போன இடம் தெரியல!” என்றாள் ரெஜினாமேரி.

பத்து நாள் கழித்து நிர்வாக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேற்பார்வை அதிகாரி கலியமூர்த்தியின் முன்னால் சங்கத்தின் புகார் இருந்தது. நானூறு கையெழுத்து.

“விளக்கை அணைச்சுப் பீதி கிளப்பினீங்களாமே?”

“அடைப்பிதழ் சிக்கியிருந்தது சார். அறிக்கையில எல்லாம் எழுதியிருக்கேன். பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும்…”

“அதை அப்புறம் படிக்கிறேன். இப்ப இதுக்கு ஒரு தீர்வு வேணும். இனிமே எந்த அடுக்குலயும் லைட்டு அணையக் கூடாது. தனி பேட்டரியில போட்டுடுங்க.”

“அப்படிப் போட்டா கணினி செத்தாலும் லைட்டு எரியும் சார்.”

“அதைத்தான் அவங்க கேக்கறாங்க” என்றார் கலியமூர்த்தி. அவரும் களைத்துத்தான் இருந்தார்.

அஞ்சுகம் வேலை உத்தரவை வாங்கிப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு அடுக்குகளிலும் தாய்ப்பலகையிலிருந்து ஒளிநாடாவைப் பிரித்துத் தனி பேட்டரிக்கு மாற்ற ஐந்து வாரம் ஆனது. போகும் இடமெல்லாம் காப்பி கொடுத்தார்கள். ஆறாம் அடுக்கில் சடகோபன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே நிம்மதியாத் தூங்குவோம் மேடம்” என்றார். கண் கலங்கியிருந்தது.

கடைசியாக மிஞ்சியது ஒன்பதாம் அடுக்கு, அவள் குடியிருக்கும் அடுக்கு. அங்கே வேலை முடிந்தபோது மாலையாகிவிட்டது. கூண்டின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. மூச்சும் கொஞ்சம் கனமாக இருந்ததுபோலத் தோன்றியது. மீட்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். அது பெட்டியின் அடியில், எல்லாக் கருவிகளுக்கும் கீழே கிடந்தது. குனிய வேண்டும்.

தலையைத் திருப்பிப் பார்த்தாள். ரோஜா.

பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.