தாத்தா வரேன்

தொடர்ந்து இரண்டு ஷிப்ட் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டுக் குழந்தைகள் வார்டுக்கு வந்த டிரைவருக்கு நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது. கடைசிக் கட்டிலில் அவருடைய மகள். காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று வந்தவர் கையில் ஹெட் நர்ஸ் சிவப்பு அங்கியைத் திணித்தார்.

"இந்த வருஷம் நீங்கதாண்ணே கிறிஸ்துமஸ் தாத்தா. வேற ஆள் கிடைக்கல."

வருஷா வருஷம் அதைப் போட்டுக்கொண்டவர் லிஃப்ட்காரர். போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரமே, லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். பஞ்சுத் தாடியில் இன்னும் லிஃப்ட் கிரீஸ் வாடை அடித்தது.

"கிளம்புறப்போ 'வரேன்'னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." நர்ஸின் குரல் தாழ்ந்தது.

"ஆஸ்பத்திரில அதைச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா சிஸ்டர்?"

"அவருக்கும் தெரியும்ணே. ஜன்னலோரக் குழந்தைகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டாரு. அது நல்லாகித்தான் வீட்டுக்குப் போச்சு. அவர் செத்த மறுநாள், வாசலையே பார்த்துக்கிட்டு, தாத்தா வந்துட்டாருன்னு சொல்லுச்சாம். அன்னிக்கே அதோட உயிரும் போயிடுச்சு."

பாவம், இந்த அம்மாவுக்கும் தூக்கம் கெட்டுப் புத்தி குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கட்டில் கட்டிலாகப் பந்தும் கலர் பென்சிலும் கொடுத்தார். கண் செருகியது. மகளுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. பொம்மையை நீட்டினார், கன்னத்தைத் தட்டினார், குரலை மாற்றிச் சொன்னார்.

"சமத்தா இரு கண்ணு. தாத்தா வரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

நாளைக்குக் கூட்டிப்போக நான் வரத்தானே போகிறேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் 'அப்பா வரேன்' என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் மாலை, வீட்டில் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தார். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே நின்றாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"தாத்தா வந்துட்டாருப்பா."

கிரீஸ் வாடை.

பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். சில்லென்றிருந்தது. அவளுடைய இன்னொரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது. அதை யாரோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கியிருந்தன.

"அய்யா, தூக்கக் கலக்கத்துல வந்த வார்த்தைய்யா. என் பொண்ண விட்டுடுங்க."

கதவுக்கு வெளியே 'டிங்' என்று மணி அடித்தது. இரும்புக் கதவு ஒன்று மெல்ல விலகியது.

அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.