பேரைக் கடைசியில்தான் சொல்வார்

கரண்ட் போன பிறகும் பென்டிரைவின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

மின்விசிறி முனகி முனகி நின்றது. தெருவில் எல்லா வீட்டு டிவிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை கொட்டும் சத்தமும், துவைத்துக் காயாமல் கொடியில் தொங்கிய துணிகளின் புளித்த வாடையும் மட்டும் வீட்டுக்குள் மிஞ்சின. இலக்கியாவின் மடியில் இருந்த லேப்டாப்பும் செத்துப்போயிருந்தது. பெரியம்மா மகன் அருண்குமார் பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப் அது. பேட்டரி ஊதிப்போய்க் கழற்றி எறிந்தாயிற்று. சுவரில் வயர் இருந்தால்தான் அதற்கு உயிர். திரை கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் விலாவில் சொருகியிருந்த பென்டிரைவ் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எதையோ எழுதும்போது மினுக்குமே, அப்படி. அவசரமாக. கொஞ்சம் நின்று, யோசித்து, மறுபடி அவசரமாக.

கட்டைவிரலால் அதை மூடிப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் காது போலச் சுட்டது.

அது அவளுடைய பென்டிரைவ் இல்லை.

ஆன்லைன் கோச்சிங் வகுப்பில் சார் அவள் பெயரைக் கூப்பிட்ட அன்று லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. பாதி திறந்த வாய், மேலே ஏறிய கண், அசையாத முகம். மொத்த வகுப்பும் பார்த்தது. எவனோ அதைப் படம் பிடித்து ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். குரூப்பில் தினமும் காலையில் அவள் முகம்தான் எல்லோருக்கும் குட்மார்னிங் சொன்னது.

அழுதுகொண்டே அருண்குமாருக்குப் போன் போட்டாள். அவன் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருந்தபடி சிரித்தான்.

"அந்த டப்பாவுல வேற என்னா வரும்? ஒரு பென்டிரைவ சொருகு. ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா ரெடிபூஸ்ட்னு இருக்கும். அத ஆன் பண்ணு, கொஞ்சம் ஓடும்."

"அது என்னாண்ணா பண்ணும்?"

"நீ அடுத்து எத தொறப்பன்னு அதுவே கத்துக்கும். நீ கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்து ரெடியா வச்சிக்கும். காலி எடம் ஜாஸ்தி வேணும், உள்ள இருக்கறத அழிச்சிடு."

"எங்கிட்ட பென்டிரைவே கெடையாதே."

"அப்ப வாயத் தொறந்துகினே உக்காந்திரு, கொரங்கு."

பக்கத்து வீடு மணவாளன் மாமாவுடையது. அம்மாவின் அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் அவருடைய ஆட்டோ நிற்கும். கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஆம்ப்ளிஃபயர். மஞ்சக்குப்பத்தில் யார் இறந்தாலும் மாமாவிடம்தான் வருவார்கள். விவரத்தைக் கேட்டு, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமி, "வருந்துகிறோம்" என்று ஆரம்பித்துப் பதிவு செய்வார். பென்டிரைவில் ஏற்றிச் சொருகிவிட்டால் ஆட்டோ தெருத்தெருவாக ஊர்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்.

அதில் மாமாவுக்கு ஒரு முறை உண்டு. செத்தவர் யாருடைய பிள்ளை, யாரோடு பிறந்தவர், யாருக்கு வாழ்க்கைப்பட்டவர், யாரைப் பெற்றவர் என்று வரிசையாக வருவார். பேரைக் கடைசியில்தான் சொல்வார். "பேர மொதல்லயே சொல்லிட்டா மீதிய எவன் நின்னு கேக்கறான்?" என்பார். அதனால்தான் ஆட்டோ வந்தால் தெருவில் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுக் காதருகே கையைக் குவித்து அப்படியே நிற்பார்கள்.

அந்தப் பென்டிரைவைத்தான் இலக்கியா எடுத்தாள். உள்ளே இருந்த மாமாவின் குரல் பதிவுகள் அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். எப்படியும் எல்லாம் செத்தவர்களின் செய்திதானே என்று நினைத்தாள். சொருகியதும் லேப்டாப் வேகத்தில் பறந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு பெரிய வீட்டுச் சாவு வந்தது. ஆட்டோ ஓட்டும் சிலம்பரசன் தேடித் தேடிப் பார்த்து, நேரமாகிவிட்டதென்று தன் சொந்தப் பென்டிரைவில் செய்தியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். செத்தவர் வீட்டு வாசலுக்கு முன்னால் செய்தி முடிந்து, அடுத்ததாகக் கல்யாண ஊர்வலக் குத்துப்பாட்டு அலறியது. பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். செத்தவரின் மகன்கள் இரண்டு பேரும் மாறி மாறி அவனை அறைந்தார்கள்.

மாமா சந்தில் வைத்து, தெருவே பார்க்க, அவன் சட்டைப் பையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். "எங்கடா வித்த அத? குடிச்சிட்டியா? இனிமே இந்தப் பக்கம் வராத."

சிலம்பரசனின் கன்னம் வீங்கியிருந்தது. அவன் இலக்கியாவின் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் எடுக்கலக்கா. மாமாகிட்ட நீங்களாவது சொல்லுங்க." பிறகு அம்மாவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தான். "பாப்பா, நீ எங்கனா பாத்தியாம்மா?"

"இல்லண்ணா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவளை அவன் சந்தேகப்படக்கூட இல்லை. அதுதான் அவளுக்குச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

போன கரண்ட் திரும்பி வந்தது. லேப்டாப் தானாக உயிர் பெற்றது. அவள் தொடுவதற்கு முன்பே வகுப்பு திறந்திருந்தது. இயர்போனைக் காதில் செருகினாள். சார் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தார். அவர் குரலுக்குப் பின்னால், எங்கேயோ அடியில், மைக்கை யாரோ தட்டினார்கள்.

டொக். டொக்.

ஒரு செருமல். பழக்கமான செருமல்.

"வருந்துகிறோம்."

இயர்போனைப் பிடுங்கினாள். பென்டிரைவைத் திறந்து பார்த்தாள். உள்ளே லேப்டாப் தனக்காக உண்டாக்கிக்கொண்ட ஒரே ஒரு பெரிய கோப்புதான் இருந்தது. அழித்தது அழித்ததுதான். ஏதோ மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடுங்கி வீசிவிட்டால் போயிற்று. ஆனால் பிடுங்கினால் மறுபடி அந்த உறைந்த முகம். இந்த வாரப் பரீட்சை முடியட்டும், பிறகு மாமாவின் ஆட்டோவில் எங்காவது இடுக்கில் போட்டுவிடலாம்.

அடுத்த வகுப்பில் செய்தி கொஞ்சம் நீண்டிருந்தது.

"வருந்துகிறோம். கடலூர் மஞ்சக்குப்பம் காலஞ்சென்ற நடனசபாபதி அவர்களின் மகளும், மணவாளன் அவர்களின் உடன்பிறந்த சகோதரியும்..."

அங்கே நின்றது. மாமா மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததைச் சொல்வதற்காக இழுத்த மூச்சு.

நடனசபாபதி அம்மாவின் அப்பா. மாமாவோடு பிறந்தவர்கள் இரண்டே பேர். சிதம்பரத்தில் இருக்கும் கொளஞ்சியம்மாள் பெரியம்மா. அப்புறம் அம்மா.

செருப்பில்லாமல் சந்துக்கு ஓடினாள். மாமா ஆட்டோவைத் தார்ப்பாயால் போர்த்தி, ஸ்பீக்கர் குழாய்களில் மழைத்தண்ணீர் இறங்காமல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, புதுசா எதுனா ரெக்கார்ட் பண்ணீங்களா?"

"எதுலடி பண்றது, உன் தலையிலயா? அதான் அந்தத் திருட்டுப்பய தூக்கினு பூட்டானே." முடிச்சை இறுக்கியபடி சிரித்தார். "ஏன், யாருனா மண்டையப் போட்டுட்டாங்களா?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அந்த வீங்கிய கன்னம் கண் முன்னால் வந்தது. சொன்னால் இந்தத் தெரு முழுக்க அவளைப் பார்க்கும். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

காலையில் அம்மா பையில் ஒரு மாற்றுத் துணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மாவுக்கு ஜொரம் விட மாட்டேங்குதாம். ஒரு எட்டு பாத்துட்டு சாயங்காலம் வந்துடறேன். சோறு வடிச்சி வச்சிருக்கேன், ரசம் இருக்கு."

"போவாதம்மா."

"ஏண்டி?"

"மழையா இருக்கு."

"மழ எனுக்கு மட்டுமா பெய்யிது? பஸ்சு ஓடிகினுதான இருக்கு."

"இரும்மா. ஒரு நிமிஷம்."

உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள். அவள் தேடவேண்டியிருக்கவில்லை. அது காத்துக்கொண்டிருந்தது.

"...மணவாளன் அவர்களின் உடன்பிறந்த சகோதரியும், சிதம்பரம் அண்ணாமலை நகர்..."

நின்றது.

சிதம்பரம். அண்ணாமலை நகர். பெரியம்மா.

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவ்வளவு நிம்மதி. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. பள்ளிக்கூட லீவுக்குப் போனால் தட்டு வழிய மீன் வறுத்து வைக்கும் பெரியம்மா. அவள் சாகட்டும் என்று இந்த வாய் அப்பாடா சொல்லியிருக்கிறது. கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாடி, நான் கெளம்பட்டா?" என்றாள் அம்மா வாசலில் இருந்து.

"போய்ட்டு வாம்மா."

அம்மாவைத் தடுக்கவேண்டிய காரணம் இல்லை. யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவேண்டிய அவசியமும் இல்லை. கேட் கிறீச்சிட்டு மூடியது. குடை தெருமுனை வரை தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் மழை வலுத்தது. தெரு ஓரத்துச் சாக்கடை நிரம்பி வாசலுக்கு வந்தது. சேற்று வாடையும் எங்கிருந்தோ வந்த சாம்பிராணி வாடையும் கலந்து வீட்டுக்குள் நின்றன. எந்த வீட்டிலும் சாம்பிராணி போடும் நேரம் இல்லை அது. இலக்கியா லேப்டாப்பை மூடி, அதன் மேல் தலையணையை வைத்திருந்தாள். தலையணைக்கு அடியில் விலாப்பக்கம் மட்டும் சிவப்பாக விட்டு விட்டு வெளிச்சம் வந்தது. முன்னைவிட வேகமாக.

டொக். டொக்.

தலையணைக்கு அடியில் இருந்து. மூடிய லேப்டாப்புக்குள் இருந்து.

"வருந்துகிறோம். கடலூர் மஞ்சக்குப்பம் காலஞ்சென்ற நடனசபாபதி அவர்களின் மகளும், மணவாளன் அவர்களின் உடன்பிறந்த சகோதரியும், சிதம்பரம் அண்ணாமலை நகர் கொளஞ்சியம்மாள் அவர்களின் தங்கையும்..."

தங்கையும்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை. மறுபடி போட்டாள். பெரியம்மாவுக்குப் போட்டாள்.

"அவ அப்பவே கெளம்பிட்டாளேடி," என்றாள் பெரியம்மா இருமலுக்கு நடுவில். "நில்லுடின்னா கேக்கல. நீ தனியா இருப்பன்னு ஓடறா."

பென்டிரைவைப் பிடுங்கினாள். அது கையில் துடித்தது. மாமாவிடம் சொல்லிவிடவேண்டும். இப்போதே. எல்லாவற்றையும். வாசலுக்கு ஓடினாள்.

மாமா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவர் போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார். செருப்பு இல்லை. குடை இல்லை.

"மாமா!"

திரும்பினார். அவளைப் பார்த்தார். அவர் வாய் எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் மூடிக்கொண்டது. மழைக்குள் ஓடினார்.

கரண்ட் போனது.

வீட்டுக்குள் வந்து எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. மழை நின்றிருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

கேட் கிறீச்சிட்டது.

அம்மா.

கையில் பை. குடை இல்லை. புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. முகவாயில் ஒரு துளி தண்ணீர் திரண்டு தொங்கியது.

"என்னாடி இருட்டுல உக்காந்துகினு இருக்க? வெளக்கேத்தலியா?"

"அம்மா!" எழுந்து ஓடினாள். வாசற்படி வரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா படி ஏறவில்லை. சாம்பிராணி வாடை அம்மாவிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

"அம்மா, செலம்பு அண்ணன் எடுக்கலம்மா. நான்தாம்மா எடுத்தேன். நான்தான் அழிச்சேன். உன்ன ஏன் போவாதன்னேன்னு சொல்லியிருக்கணும்மா, சொன்னா மாட்டிக்குவேன்னு..." அழுகையில் வார்த்தை குழறியது. எல்லாமே வந்துவிட்டது. அத்தனை நாள் தொண்டையில் நின்றது இவ்வளவுதானா?

அம்மா சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக். டொக்.

ஆட்டோ தார்ப்பாய் போர்த்தியபடிதான் நின்றது. உள்ளே யாரும் இல்லை. கூரையில் பிளாஸ்டிக் பை கட்டிய ஸ்பீக்கருக்குள் யாரோ செருமினார்கள். பை உப்பியது. சுருங்கியது.

"வருந்துகிறோம்."

"இரு," என்றாள் அம்மா. "யாருன்னு கேப்போம்."

தெருவில் எல்லோரும் செய்வதுபோலக் காதருகே கையைக் குவித்தாள்.

மாமாவின் குரல் நிதானமாக வந்தது. நடனசபாபதியின் மகளும். மணவாளனின் சகோதரியும். கொளஞ்சியம்மாளின் தங்கையும். சிங்கப்பூரில் பணிபுரியும் சுப்பிரமணியனின் மனைவியும்.

அப்பா.

"இலக்கியாவின் அன்புத் தாயாருமான..."

குரல் நின்றது. அந்த மூச்சு. இழுத்த மூச்சு வெளியே விடப்படவே இல்லை.

"அம்மா, கேக்காதம்மா. உள்ள வா. அம்மா."

அம்மா அசையவில்லை. பாதி திறந்த வாய். மேலே ஏறிய கண். காதருகே குவித்த கை. பெயருக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தாள்.

இலக்கியாவின் மூடிய கைக்குள், விரல் இடுக்குகளில், சிவப்பு வெளிச்சம் மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிந்தது.

அம்மாவின் முகவாயில் தொங்கிய துளி விழவே இல்லை.