பொடிசின் போர்வைக்கு ஓர் உறை

“அக்கா, வாசனை தீந்துபோயிடுமா?”

பொடிசு இப்படிக் கேட்டபோது அவள் முகம் முழுவதும் பஞ்சுப் போர்வைக்குள் புதைந்திருந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு காதுகள் மட்டும்தான்.

மிளகு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் பாதி எழுத்தில் நின்றுவிட்டது.

“எந்த வாசனை?” என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

“அம்மா வாசனைதான்.”

“தெரியல” என்றாள் மிளகு. இந்த விஷயத்தில் தங்கையிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மிளகுக்குப் பத்து வயது, பொடிசுக்கு ஐந்து. பள்ளிப் பதிவேட்டில் இருவருக்கும் நீளமான பெயர்கள் உண்டு. ஆனால் அம்மா கூப்பிட்டவை இவைதான். ஆள் சின்னது, காரம் பெரியது என்று சொல்லிச் சொல்லியே மூத்தவளை மிளகு ஆக்கிவிட்டார். உண்மையில் அவளிடம் ஒரு துளி காரம்கூடக் கிடையாது. நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அம்மா ரொட்டி சுடும் கடையில் வேலை பார்த்தார். எத்தனை முறை குளித்தாலும் அவர் மேல் ரொட்டி மணம் போகாது. ஏழு வாரத்துக்கு முன்னால் அம்மா இறந்துபோனார். அந்தப் பஞ்சுப் போர்வை அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் இல்லாமல் திரும்பி வந்தது.

அப்பா என்று ஒருவர் போட்டோவில் மட்டும் இருந்தார். அதனால் பிள்ளைகள் இருவரையும் பெரியம்மா தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா.

பெரியம்மாவுக்கு ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. காலை முதல் மாலை வரை அடுத்தவர் படுத்து எழுந்த விரிப்புகளைத் துவைப்பார். கறை என்றால் அவருக்குப் பரம்பரைப் பகை மாதிரி. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், வந்தவர்கள் எல்லாம் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். பெரியம்மா அழவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு துவைக்க ஆரம்பித்தார்.

அம்மாவின் உடைகள், தலையணை உறை, குளிருக்குக் கழுத்தில் சுற்றும் துணி, கைக்குட்டை. ஒன்று விடவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் கொடியில் தொங்கின. எல்லாவற்றிலும் சோப்புத்தூள் வாசனை. மிளகு ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். அம்மா எதிலும் இல்லை.

பஞ்சுப் போர்வை மட்டும் தப்பித்தது. காரணம், அதைச் சுற்றிக்கொண்டு பொடிசு தூங்கிப்போயிருந்தாள்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது.

திங்கள்கிழமை காலை பெரியம்மா போர்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் பால் கறை. இன்னொரு பக்கம் பொடிசு வரைந்த மெழுகுப் பென்சில் பூனை. ஓரமெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது.

“இது போர்வையா, கால்மிதியா? ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தது வேற. அதான் இந்தப் பொடிசு இருமிக்கிட்டே இருக்குது. ஞாயித்துக்கிழமைதான் பெரிய மிஷின் சும்மா இருக்கும், எடுத்துட்டுப் போய்ப் போட்டுடறேன். கொதிக்கிற தண்ணில ரெண்டு சுத்து சுத்தினாப் பளிச்னு ஆயிடும்.”

“வேணாம்!” என்று பொடிசு போர்வை மேல் விழுந்து படுத்துக்கொண்டாள்.

“எழுந்திரு கண்ணு.”

“மாட்டேன். என்னையும் சேத்துத் துவைங்க.”

“அடம் பிடிச்சா அதையும் செய்வேன்” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் சொன்னது சொன்னதுதான். ஞாயிறு என்றால் ஞாயிறு.

அன்றிலிருந்து பொடிசு போர்வையைவிட்டு இறங்கவில்லை. சாப்பாடும் அதன் மேலேயே. கறை ஒன்று கூடியதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மிளகு வீட்டுச் சாவி வாங்கச் சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே ஒரே ஆவி. இயந்திரங்கள் வயிற்றுவலி வந்தவை போல உறுமின. பெரியம்மா வேறு கூடத்தில் இருந்ததால் அவளை இஸ்திரி மேஜை அருகே உட்காரச் சொன்னார்கள்.

அங்கே இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். கையும் ஓயாது, வாயும் ஓயாது. அவருக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குப் பஞ்சுப் போர்வைகள் அடுக்கியிருந்தன. மிளகு அவற்றையே பார்த்தாள். ஒட்டிக்கொண்ட நாக்கை ஒருவழியாகப் பிரித்தெடுத்தாள்.

“அண்ணா, இவ்ளோ போர்வையையும் தினமும் துவைப்பீங்களா?”

“யாரு, நாங்களா? போர்வையை யாரும்மா துவைக்கிறா? தலைகாணிக்கு உறை போடற மாதிரி இதுக்கும் உறை போட்டுடுவோம். அழுக்காகறது உறை. துவைக்கிறது உறை. உள்ள இருக்கறவரு மகாராசா. வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய வந்தாப் பெரிய விஷயம்.”

மிளகு எழுந்து நின்றுவிட்டாள்.

“உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்குமா?”

“அப்படியேதான் இருக்கும். எதுக்குக் கேக்கற?”

மிளகு சொன்னாள். திக்கித் திணறி, தரையைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனின் இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றதில் ஒரு மேஜைவிரிப்பு லேசாகக் காந்தியது. அவர் போய், ஓட்டை விழுந்து கழித்துப்போட்ட துணிக் குவியலில் இருந்து இரண்டு பெரிய வெள்ளை விரிப்புகளை உருவிக் கொடுத்தார்.

“ஓட்டையை ஒட்டுப் போட்டுக்க. உங்க பெரியம்மா கேட்டா என் பேரைச் சொல்லாத. அவங்க பார்வையே என்னை இஸ்திரி போட்டுடும்.”

இரண்டு விரிப்புகளின் மூலையிலும் நீல மையில் ‘கழிவு’ என்று முத்திரை இருந்தது.

பெரியம்மா வீடு திரும்ப ஏழு மணி ஆகும். புதனும் வியாழனும் மாலை முழுவதும் மிளகு தைத்தாள். ஒரு விரிப்பின் மேல் இன்னொன்றை வைத்து மூன்று பக்கம் தையல், ஒரு பக்கம் திறப்பு. விரிப்புகள் போர்வையைவிடப் பெரியவை. வெட்ட மனசில்லாமல் அப்படியே விட்டாள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள்.

“இங்க என்னக்கா எழுதியிருக்கு?” என்று பொடிசு முத்திரையைத் தொட்டுக் கேட்டாள்.

“உன் பேருதான்.”

பொடிசுக்கு ஒரே பெருமை.

போர்வையை உறைக்குள் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தள்ளினால் சுருண்டது. இழுத்தால் திரும்பி வந்தது. கடைசியில் பொடிசு போர்வையின் ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு உள்ளே தவழ்ந்து போனாள். போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை.

“அக்கா! இருட்டா இருக்கு!”

“திரும்பு!”

“எந்தப் பக்கம்?”

உறை முழுக்க ஒரு மேடு அங்கும் இங்கும் ஓடியது. ஏழு வாரத்தில் முதல் தடவையாக மிளகு சிரித்தாள். சிரித்த உடனே, எதையோ திருடிவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பெரியம்மா உறையை மேலும் கீழும் பார்த்தார்.

“இது எங்க கழிச்ச துணியாச்சே. அந்த இஸ்திரிக்காரனுக்கு வாய்தான் நீளம்னு நெனச்சேன், கையும் நீளமா? என்ன வேஷம்டி இது?”

“உறை, பெரியம்மா. இதைத் துவச்சாப் போதும். உள்ள இருக்கறதைத் துவைக்க வேணாம்.”

பெரியம்மா அசதியில் அப்படியே போய்ப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது பொடிசின் இருமல் சத்தம் மிளகை எழுப்பியது. பொடிசு உடம்பைக் குறுக்கிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள். அவள் மேல் இருந்தது வெறும் துணி. பஞ்சுப் போர்வை உறைக்குள் வழுக்கி, கால்மாட்டில் மூட்டையாகக் கிடந்தது.

“அம்மா கீழ போயிட்டாங்க” என்று பொடிசு அழுதாள். “என்னை விட்டுட்டு மறுபடியும் போயிட்டாங்க.”

மிளகு மூட்டையை மேலே இழுக்கப் பார்த்தாள். பெரியம்மா ஓடிவந்து பொடிசின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கோபம் மிளகின் மேல் திரும்பியது.

“பாத்தியா? உறைன்னா சும்மா பை தைக்கிறதில்ல. உள்ள இருக்கறது நகரக் கூடாது. ராத்திரி பூரா புள்ள குளிர்ல கிடந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் சேத்தே எடுத்துட்டுப் போறேன். இனிமே இந்தப் பேச்சே வேணாம்.”

அன்று பள்ளியில் ஆசிரியை மூன்று முறை கூப்பிட்டும் மிளகுக்குக் காது கேட்கவில்லை. நகரக் கூடாது, நகரக் கூடாது என்பதே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

உறையின் மூலைகளில் நாடா தைக்கலாம். அது சுலபம். ஆனால் நாடாவை எதில் கட்டுவது? போர்வையின் முனைகளில் ஒன்றுமே இல்லை. அதிலும் ஊசி குத்தி ஒரு வளையம் தைக்கலாம். மாலையில் ஊசியை எடுத்துப் போர்வைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் மிளகின் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கை முழுக்க ஊசி குத்திய நீலப் புள்ளிகள் இருந்தன. இதிலும் குத்த அவளால் முடியாது.

சனிக்கிழமை பகல் முழுவதும் யோசித்தாள். பொடிசு ஓர் ஓரமாக உட்கார்ந்து கைக்குட்டையில் பொம்மை செய்துகொண்டிருந்தாள். கைக்குட்டை நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்து, துணியைச் சுற்றிப் பிடித்து, கழுத்தில் நூல் கட்டினால் பொம்மைக்குத் தலை வந்துவிடும். எவ்வளவு இழுத்தாலும் கழுத்திலிருந்து நூல் கழன்று வராது.

மிளகு அந்தக் கழுத்தையே பார்த்தாள். ஒரு முறை இழுத்தும் பார்த்தாள்.

“பொடிசு, உங்கிட்ட எத்தனை கோலி இருக்கு?”

“நாலு. தர மாட்டேன்.”

“அம்மா கீழ போகாம இருக்க வேணும்.”

பொடிசு கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் திறந்து திறந்து மூடினாள். பொம்மையின் கழுத்து நூலை அவளே பிரித்தாள். பிறகு ஒவ்வொரு கோலிக்கும் ஒரு முத்தம் கொடுத்து, நாலையும் அக்கா கையில் வைத்தாள்.

மிளகு முதலில் அகலமாக இருந்த உறையைப் போர்வையின் அளவுக்குப் பிடித்துத் தைத்தாள். உள்மூலைகளிலும் திறந்த பக்கத்திலும் நாடா தைத்தாள். உறையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் பரப்பி, அதன் மேல் போர்வையை விரித்தாள். போர்வையின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கோலியை வைத்து, பொம்மைத் தலை போலச் சுற்றிப் பிடித்து, கழுத்தில் உறையின் நாடாவை இறுக்கிக் கட்டினாள். பிறகு உறைக்குள் கையை விட்டு அப்படியே புரட்டி, திறந்த பக்கத்தையும் நாடாவால் கட்டினாள். இந்தத் தடவை யாரும் உள்ளே தவழ வேண்டியிருக்கவில்லை.

அன்று இரவு பொடிசு வழக்கம் போல உருண்டாள், உதைத்தாள், சுவரோரம் போய்க் குறுக்கே கிடந்தாள். போர்வை நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மா பெரிய சலவைப் பையோடு வந்து நின்றார். பொடிசு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். மிளகு எழுந்து குறுக்கே நின்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் பேசினாள்.

“உறையை எடுத்துட்டுப் போங்க பெரியம்மா. வாரா வாரம் நானே கழட்டித் தரேன். உள்ளதை விட்டுடுங்க.”

“நகருடி. ஆஸ்பத்திரிக்குப் போன போர்வை அது.”

“ராத்திரி பொடிசு இருமவே இல்ல.”

“நகருன்னு சொல்றேன்ல.”

“நீங்க எல்லாத்தையும் துவச்சிட்டீங்க பெரியம்மா” என்றாள் மிளகு. “அம்மாவோடது எல்லாத்தையும். வேற எதுலயும் அம்மா இல்ல. இது ஒண்ணுதான் மிச்சம்.”

பெரியம்மாவின் கையில் இருந்த பை கீழே இறங்கியது.

அவர் கட்டில் அருகே மண்டியிட்டார். தொழில்காரர் பார்ப்பது போல ஒவ்வொரு மூலையாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முடிச்சுக்குள் உருண்டையாக ஏதோ இருப்பதைத் தடவிப் பார்த்தார். நாலு மூலையும் அசையவில்லை. பிறகு திறந்த பக்கத்தின் நாடாவை அவிழ்த்தார். சலவைக்கூடத்தில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க முகத்தோடு சேர்த்து வைப்பார்கள். அதே பழக்கத்தில் உறைக்குள் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

பெரியம்மாவின் முதுகு ஒரு முறை தூக்கிப்போட்டது. அப்புறம் இன்னொரு முறை.

“பெரியம்மா, உங்களுக்கும் அம்மா வாசனை வருதா?” என்று பொடிசு மெதுவாகக் கேட்டாள்.

பெரியம்மா நிமிர்ந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நாடாக்களை ஒவ்வொன்றாகக் கட்டினார். அவிழாத முடிச்சாக, இரட்டை முடிச்சாகக் கட்டினார். சுருக்கம் விழுந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். பொடிசின் தோள்வரை போர்வையை ஏற்றி, ஓரத்தைச் செருகினார்.

பிறகு காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிப் போனார்.