மாசிலாமணியின் மனைவி இறந்த கதை

நிலாவின் நான்காம் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் சாரச்சில்லு விழித்துக்கொள்ளும். நீர் வாரியத்தின் நாற்பது பக்க அறிவிப்பைக் கண்ணெதிரே பிடித்தால் போதும். "இன்று குளிக்காதீர்கள்" என்று ஒரே வரியில் காதில் சொல்லிவிடும். காதல் கடிதமும் அப்படித்தான்: "சம்மதம் கேட்கிறார்." படிப்பது என்ற வேலையே ஒழிந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது.

அதை மாற்றப் புறப்பட்டவள் அம்சவேணி. எழுத்தறிவு மன்றத்தில் எழுத்தாளர், எடிட்டர், விளம்பர அதிகாரி, டீச்சர் எல்லாம் அவள் ஒருத்திதான். பதினோரு ஆண்டுகளில் இருநூறு பேர் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு நழுவினார்கள். தாக்குப்பிடித்தவர் குழாய் பழுதுபார்க்கும் மாசிலாமணி மட்டும்.

ஆனால் பூமியிலிருக்கும் புரவலர்களுக்கு மாதாமாதம் இரண்டு வெற்றிக்கதை வேண்டுமே! ஆரம்பத்தில் உள்ளதைத்தான் எழுதினாள். புரவலர்களின் சில்லு, "செய்தி ஏதுமில்லை" என்று முடித்துவிட்டது. பிறகு கொஞ்சம் உப்பு, கொஞ்சம் காரம். தாய் தகப்பனோடு சுகமாக இருந்த பல் மருத்துவரை அநாதையாக்கினாள். சில்லு உருகியது, புரவலர்களும் உருகினார்கள். ஆளின் படத்தோடு நீலக்கரைத் தாளில் ஒரு படி எடுத்து வகுப்பறை அலமாரியில் வைத்துவிடுவாள். யார் படிக்கப் போகிறார்கள்?

அன்று ஆய்வு நாள். சில்லை அணைத்துவிட்டு ஒரு மனிதராவது முன்பின் பார்க்காத தாளை வாசித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வகுப்பறை காளான் பண்ணைக்குப் போய்விடும். மாசிலாமணி புதுச் சட்டையில் வந்திருந்தார். முதல் வரிசையில் அவர் மனைவி கோகிலா பெருமை தாங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அம்சவேணி நீட்டிய தாளை ஆய்வாளர் நசீமா வாங்கவில்லை.

"இதை மனப்பாடம் பண்ணியிருப்பாரு. நானே ஒண்ணு எடுத்துக்கறேன்."

அலமாரியைத் திறந்து எடுத்தார். நீலக்கரை. மேலே மாசிலாமணியின் படம். அம்சவேணி அதைப் பிடுங்கக் கை நீட்டுவதற்குள் தாள் மாசிலாமணியிடம் போய்விட்டது.

மாசிலாமணி விரல் வைத்து வாசித்தார். "குழாய்த் தொழிலாளி மாசிலாமணி... குடியால் சீரழிந்தவர்." நிமிர்ந்தார். "டீச்சர், இது நானா?"

"மேல படிங்க" என்றார் ஆய்வாளர்.

"அன்பு மனைவி கோகிலா... காற்றுக்கசிவில்... இறந்த பின்..."

கோகிலா எழுந்துவிட்டாள். "என்னது? நான் எப்பங்க செத்தேன்?"

"தேதி போடலையேம்மா" என்றார் மாசிலாமணி பரிதாபமாக.

அம்சவேணி வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஆய்வாளரின் காதில் சில்லு, "உருக்கமான வெற்றிக்கதை" என்று சொல்லி முடித்திருந்தது. நசீமா கண்ணைத் துடைத்தபடி வந்து கோகிலாவின் கையைப் பிடித்தார்.

"உங்க இழப்புக்கு ரொம்ப வருந்தறேம்மா. வகுப்பு தொடர்ந்து நடக்கட்டும்."

கோகிலா சும்மா இருப்பாளா? அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி போய்விட்டது.

மறுநாள் காலை ராஜினாமா செய்யும் எண்ணத்தோடு வந்த அம்சவேணி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே உட்கார இடமில்லை. இருநூறு பேரும் வந்திருந்தார்கள். கோகிலா அலமாரியைத் திறந்து, படம் பார்த்து ஆளுக்கொரு தாளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" என்றார் பல் மருத்துவர். "சில்லைக் கேட்டா உருக்கமான கதைங்குது. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்குது."

"கொண்டாங்க, நானே படிச்சுச் சொல்றேன்" என்றாள் அம்சவேணி அவசரமாக.

"வேணாம் டீச்சர்" என்றாள் கோகிலா. "நீங்க சொன்னா திருத்திச் சொல்வீங்க. எழுத்தைச் சொல்லிக் குடுங்க, நாங்களே படிச்சுக்கறோம்."

பதினோரு ஆண்டுகளாக ஊரையே கெஞ்சியும் வராத கூட்டம். உலக விஷயம் எதற்கும் அசையாதவர்கள், தங்களைப் பற்றி நாலு வரி இருக்கிறது என்றதும் நோட்டும் பேனாவுமாக வந்துவிட்டார்கள்.

அம்சவேணி பலகையில் 'அ' எழுதினாள். இருநூறு தலைகள் குனிந்து அதையே எழுதின. மாசிலாமணி வேறு பெஞ்சு பெஞ்சாகப் போய் உதவிக்கொண்டிருந்தார். கடவுளே, இவர்களில் ஒருவருக்கும் படிப்பு ஏறக்கூடாதே என்று வாழ்க்கையில் முதன்முறையாக மனமுருக வேண்டிக்கொண்டாள் அவள்.