இடது கால் தேவையில்லாத கார்

லோகநாயகியின் அம்மா செல்வம்மாள் சென்னையில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அதற்குள் சொந்த ஊரான பழவேற்காட்டுக்கு வந்து திரும்ப முடியாது. அதனால் லோகாவும் அவள் 'நைனா' என்று அழைக்கும் அப்பாவும் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

நான்கு மாதமாக அந்தக் கார் நகரவில்லை.

நைனா சகாதேவன் கடலில் நடந்த விபத்தில் இடது காலை இழந்தவர். ரயில் நிலையப் படிகளில் ஊன்றுகோலோடு ஏறி இறங்க அவரால் முடியாது. ஆனால் அந்தப் பழைய காரில் கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறும். வலது கால் ஒன்றே போதும். இப்போது அந்தக் கியர்பாக்ஸ்தான் கெட்டுப்போயிருந்தது. கழற்றிக் கொண்டுவந்தால் சரிசெய்து தருவதாகப் பொன்னேரி மெக்கானிக் சொல்லியிருந்தார்.

படகு இன்ஜின் பழுதுபார்க்கும் முனியம்மா வந்தார். டச்சுக் கல்லறைச் சுவரோரம் நின்ற காரைத் தூக்கி, கட்டைகள் கொடுத்து நிறுத்தினார். எண்ணெயை வடித்தார். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை எடுத்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு மட்டும் மிச்சமிருந்தபோது காருக்கடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா முனியம்மா?" என்றார் சகாதேவன்.

"எண்பது கிலோ இருக்கும்ண்ணே. மெதுவா எறக்க என்னாண்ட ஜாக்கி இல்ல. தொப்புனு வுழுந்தா அதோட மேலோடு ஒடஞ்சிடும். இந்த வண்டிக்கு மாத்து கெடைக்காது."

"நாலு பேரைக் கூப்பிடட்டா?"

"அடியில ஒருத்தர் படுக்கத்தான் எடமிருக்கு."

சகாதேவன் காரின் கதவைத் திறந்தார். திரும்ப மூடினார்.

நேற்று போனில், "எவ்ளோ ஒசந்துட்ட லோகா?" என்று அம்மா கேட்டார். லோகா தலைக்கு மேல் கையை வைத்து, "இவ்ளோ!" என்றாள். போனில் அம்மாவுக்கு அது தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது லோகா அங்கே கிடந்த ஒரு மணல்மூட்டையில் போய் உட்கார்ந்தாள். மூட்டையில் எங்கோ ஓட்டை. மணல் சொரிந்தது. லோகா மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள்.

"இன்னாடி, பூமிக்குள்ள போற?" என்று முனியம்மா சிரித்தார்.

லோகா துள்ளி எழுந்தாள். "அக்கா! கியர்பாக்ஸுக்கு அடியில மணல்மூட்டை அடுக்கலாம். மேல பலகை வைக்கலாம். அப்புறம் ஓட்டை போட்டா, அதுவும் என்னை மாதிரியே எறங்கும்!"

முனியம்மா சிரிப்பை நிறுத்தினார். "ஈர மணல் ஆவாது. காஞ்ச மணலா அள்ளிக்கினு வா!"

மூட்டைகள் ஏறின. பலகை கியர்பாக்ஸைத் தொட்டது. முனியம்மா கடைசி போல்ட்டுகளையும் எடுத்து, கியர்பாக்ஸை இன்ஜினிலிருந்து பின்னுக்குத் தள்ளி, வெளியே வந்தார். நைனா ஒரு பக்கமும் லோகா மறுபக்கமும் நின்று நீளக் குச்சியால் மூட்டைகளைக் குத்தினார்கள்.

"உன் பக்கம் வேகம்! நிறுத்து... இப்ப குத்து!" என்று முனியம்மா லோகாவிடம் கத்தினார்.

ஒரு விரல். ஒரு சாண். கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் தரைக்கு வந்தது.

பத்து நாளில் அது சரியாகித் திரும்பியது. நெம்பி நெம்பிக் கட்டை கொடுத்து, முனியம்மா அதை மேலேற்றி மாட்டினார். அடுத்த ஞாயிறு மதியம் விடுதி வாசலில் கார் நின்றது. கையைச் சேலையில் துடைத்தபடி அம்மா ஓடிவந்தார். லோகாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"எங்க போலாம்? பீச்சுக்கா?" நைனா கேட்டார்.

அம்மா கதவைச் சாத்தினார்.

"எங்கயும் வேணாம். கொஞ்ச நேரம் இப்டியே இருப்போம்."