அறுபத்தொரு வளையங்கள்

மரத்தின் வயதைப் பார்க்கத் துளைபோட்டு, உள்ளிருந்து வளையக்கோடுகள் தெரியும் சன்னமான குச்சியை உருவுகிறவர்கள் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. துளைப்பானை மரத்திலேயே விட்டுவிட்டுச் சாப்பிட உட்காரக் கூடாது. மரம் கவ்விக்கொள்ளும், பிறகு இரண்டு பேர் தொங்கினாலும் வராது. எமெட் அன்றைக்கு அதைத்தான் செய்தான். முட்டிவலி அப்படி. மெண்டசீனோவின் ஈரக் காட்டில் முப்பது வருடம் மண்டியிட்ட முட்டி. ரொட்டியைத் தின்றான், ஆறிப்போன காப்பியைக் குடித்தான், கொஞ்சம் கண்ணயர்ந்தும் போனான். எழுந்து வந்து கைப்பிடியைத் தொட்டால், எண்ணெய் விட்டதுபோலச் சுழன்றது.

"மரம் உம்மேல பரிதாபப்பட்டுடுச்சு பெரிசு," என்றாள் ரோண்டா. பதினாலு வருடமாக அவனோடு வளையம் எண்ணுகிறவள். "குச்சியை உருவி வை. அதைப் போட்டு வைக்க வண்டியிலேர்ந்து காகிதக் குழாய் எடுத்துட்டு வரேன். இதான் கடைசி மரம். அப்புறம் வீடு."

பனிமூட்டம் அவளை விழுங்கியது.

பழைய அடிக்கட்டையைச் சுற்றி, அதன் வேரிலிருந்தே முளைத்த ஏழு ரெட்வுட் மரங்கள் வட்டமாக நின்றன. நடுவிலிருந்த தாய்மரத்தை வெட்டி நூறு வருடமாகிறது. ஆகவே வருடத்துக்கு ஒன்றாகத் தொண்ணூற்றுச் சொச்சம் வளையம் இருக்கும்; வெளியே நாலு விரல் ஈர வெள்ளை மரம், உள்ளே சிவந்து இறுகிய வைரக்கட்டை. அதற்குமேல் அந்தக் காட்டில் அவனுக்கு ஆச்சரியம் பாக்கியில்லை. இலைநுனியிலிருந்து பனிநீர் சொட்டும் சத்தமும், ஊறிய பட்டையின் புளித்த வாடையும், மூட்டத்துக்குள் வருவதும் போவதுமாக இருந்த மரங்களின் நிழலும் அலுத்துப்போனவை.

குச்சி வெளியே வந்தது. பென்சிலைவிடச் சன்னம், நீளம் முக்கால் முழம். முழுக்க வெள்ளை. துளி வைரம் இல்லை. சூடாக இருந்தது.

லென்ஸை வைத்து எண்ணினான், வேறென்ன செய்வது. அறுபத்தொன்று. அவன் வயது. ஒன்பதாவது வளையம் மயிரிழை. ஒன்பது வயதில் வருடம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தான். முப்பத்துநாலாவது நெளிந்திருந்தது. கால் உடைந்த வருடம். மனைவி டோரத்தி இறந்த ஐம்பத்தெட்டாவது வருடத்து வளையம் வெறும் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை.

குச்சியின் நடுவில் நகத்தால் லேசாகக் கீறினான். அவன் விலாவில் சுருக்கென்றது.

திரும்பச் செருகிவிடலாம். பட்டையைத் தடவினான். துளை மூடியிருந்தது. வடுகூட இல்லை.

குச்சி காய ஆரம்பித்தது. முதலில் அவன் உதடு. பிறகு நாக்கு. விரல் மடங்கவில்லை. தண்ணீர் வண்டியில் இருந்தது. குச்சியை நனைக்க வாயில் கவ்விக்கொண்டான். இருந்த எச்சில் அவ்வளவுதான். மரத்திலிருந்து சொட்டுவதுகூட நின்றிருந்தது.

காலடிச் சத்தம். ரோண்டா.

"யோவ், ரொட்டி பத்தலையா? மரத்தையும் தின்னுட்டியா?"

கத்தினான். தொண்டையில் மரத்தூள். சத்தம் வரவில்லை.

சிரித்தபடி அதை அவன் வாயிலிருந்து உருவினாள். காகிதக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குழாய் குட்டை. குச்சி குழாயில் அடங்காவிட்டால் எல்லோரும் செய்வதுதான்; தினமும் செய்வதுதான்.

"ரெண்டா உடைச்சுக்கறேன்," என்று நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மெதுவாக வளைத்தாள்.