ஏணியடியில் ஒரு ஜோடிச் செருப்பு

முதல் நாள் வேலைக்குப் போனபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பயப்பட ஒரு முகாந்திரமும் இல்லை. தங்கை கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க அவரைக் கிண்டல் செய்துகொண்டுதான் போனேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. இப்போதுகூட இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

போன வருஷம் வரை பொட்டலாகக் கிடந்த இடம் அது. இப்போது பார்க்கிற பக்கமெல்லாம் தகரக் கூரை, புகைக்குழாய், லாரி. எங்கள் ஷெட்டில் டைல்ஸ் ஒட்டும் பசைமாவு தயாரித்தார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் எதிரே வந்த ஆட்களுக்கெல்லாம் தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, மூக்கு நுனி வெள்ளை.

"என்ன மாப்ளே, எல்லாரும் பவுடர் பூசிக்கிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாங்களா?"

"சாயங்காலம் கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாருங்க மச்சான். அப்புறம் பேசலாம்."

ஷெட்டின் நடுவில் கலவை மெஷின். சின்ன லாரி அளவுக்கு ஓர் இரும்புத் தொட்டி, உள்ளே நீளவாக்கில் முறுக்கிய தகடுகள், மேலே ஓர் ஆள் இறங்குகிற வாய். ஏறிப் போக இரும்பு ஏணி. தகடுகளில் மாவு அப்பிக்கொண்டு கல்லாக இறுகிவிடும். அதைச் சுரண்ட ஒருவர் உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த ஒருவர் என் மாப்பிள்ளை.

மெஷினை ஓட்டுகிற சுவிட்ச் சுவருக்கு இந்தப் பக்கம், தூசி படாமல், தனி அறையில் இருந்தது. அது என் இடம். லோடு ஏற்றுகிற ஆட்கள் மணி அடித்தால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அறையிலிருந்து பார்த்தால் தொட்டியின் வாய் தெரியாது. ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஏணியின் அடிப்பாகம் மட்டும் தெரியும்.

முதல் மணி அடித்தது. ஜன்னலில் பார்த்தேன்.

ஏணியடியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. குதிகால் தேய்ந்து, ஒரு வாரைக் கம்பியால் முடிந்திருந்தார்கள். நான் எத்தனையோ ஷெட்டில் வேலை பார்த்தவன், எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் பறந்து வந்தார். அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. வாயைத் திறந்தால் முதலில் வருகிற வார்த்தை அதுதான்.

"என்னய்யா, மணி காதுல விழலையா?"

"ஆள் உள்ள இருக்காங்க சார். செருப்பு கிடக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "அது கிடக்கும். நீ போடு."

"கிடக்கும்னா?"

"கிடக்கும்னா கிடக்கும்! அவசரம்யா, லோடு நிக்குது."

மாப்பிள்ளை அவர் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டினார். "நான் இங்கதான் நிக்கிறேன் மச்சான். உள்ள யாரும் இல்ல. போடுங்க."

போட்டேன். தொட்டி உறுமியது. செருப்பு அசையாமல் கிடந்தது. சுற்றிலும் தரையில் விரல் கனத்துக்கு மாவு படிந்திருந்தது. செருப்பின் மேல் மட்டும் ஒரு துளி தூசி இல்லை, யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி.

டீ நேரத்தில் பை தைக்கிற அக்காவைப் பிடித்தேன். மாவு மூட்டைகளின் வாயைத் தைப்பது அவர் வேலை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மாப்பிள்ளைக்கு முன்னாடி இறங்கிக்கிட்டிருந்தவரோடது தம்பி. அவரு ஏணிகிட்ட செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் இறங்குவாரு. சுவிட்சுக்காரரு ஜன்னல்ல பாப்பாரு. செருப்பு கிடந்தா தொட மாட்டாரு. வருஷக்கணக்கா அதான் பழக்கம். அதுல ஒரு தப்பும் வந்ததில்ல."

"சரி."

"சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரங்க வந்து பாக்கப் போறாங்கன்னு எல்லாருக்கும் ஷூ குடுத்தாங்க. செருப்போட வந்தா கேட்லயே திருப்பி அனுப்பிடுவோம்னாங்க. காலுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதாம். புது ஷூ. அதோடயே இறங்கிட்டாரு. சுவிட்சுக்காரரு எப்பவும் போல ஜன்னல்ல பாத்தாரு."

அக்கா அத்தோடு நிறுத்திக்கொண்டார். மிச்ச டீயைக் கீழே கொட்டினேன்.

"இப்ப பூட்டு வாங்கிட்டாங்க," என்றார் அக்கா. "உள்ள இறங்குறவரு சுவிட்சைப் பூட்டி, சாவியைப் பையில போட்டுக்கிட்டுப் போகணுமாம். அது ஆபீஸ்ல கண்ணாடி அலமாரியில இருக்கு. வர்றவங்க பாக்கணும்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் வீட்டுப் பெட்டியின் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனேன். அவசரம் அதைப் பிடுங்கிக் குப்பையில் வீசினார். "பூட்டித் திறக்குறதுலயே பாதி நாள் போயிடும். நீ என்ன சுவிட்ச் போட வந்தியா, பெட்டிக்கடை நடத்த வந்தியா?" மாப்பிள்ளையாவது ஷூவைக் கழற்றி வைக்கட்டும் என்றால், வெறுங்காலோடு பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இறங்கும் முன் அவர் "இறங்குறேன் மச்சான்" என்று கத்துவார். வெளியே வந்ததும் "வந்துட்டேன் மச்சான்" என்று கத்துவார்.

தங்கைக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, உன் கையால அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அவரும் எனக்கு இல்ல, நீயும் எனக்கு இல்ல. அப்புறம் நான் யார் மூஞ்சியில முழிப்பேன்?"

"பைத்தியக்காரி, நான் இருக்கும்போது அப்படி நடக்குமா?" என்றேன்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஜன்னலில் அந்தச் செருப்பு கிடக்கும். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய், ஏணியேறி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் போடுவேன். "சந்தேகப் பிராணி" என்று அவசரம் திட்டினார். செருப்பைச் சுவருக்கு அப்பால் தூக்கி எறியச் சொன்னார். எறிந்தார்கள். அடுத்த மணிக்கு அது அதே இடத்தில் கிடந்தது. மற்றவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு போனார்கள், வந்தார்கள், பழகிவிட்டது. என்னால் முடியவில்லை. வீட்டில் ஃபேன் போடும் முன்னால்கூடக் கழுத்தை நீட்டி மேலே பார்ப்பேன். "ஃபேனுக்குள்ள யாரு இருக்கப் போறா, பல்லியா?" என்று என் மனைவி சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் நடுப்பகலில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது என் அறையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அது ஓடினால் பக்கத்தில் நின்று பேசுகிறவர் வாயசைவதுதான் தெரியும், குரல் கேட்காது. மணி என் தலைக்கு மேலேயே இருந்ததால் அது மட்டும் கேட்டது.

ஜன்னலில் பார்த்தேன்.

செருப்பு இல்லை.

நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக ஏணியடி வெறுமையாக இருந்தது. அப்பாடா, ஒருவழியாகப் போய்த் தொலைந்தது என்று நெஞ்சு லேசானது. அன்றைக்கு ஏணியேறிப் பார்க்கவும் தோன்றவில்லை. கட்டைவிரலைப் பச்சைப் பொத்தானை நோக்கிக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈர மாவும் வேர்வையும் கலந்த வாசனை. தொட்டிக்குள் சுரண்டிவிட்டு வருகிறவர்களின் மேலிருந்து வருமே, அது. மூடிய அறைக்குள் அது எப்படி வந்தது என்று கதவுப் பக்கம் திரும்பினேன்.

கதவு திறந்திருந்தது.

வாசற்படிக்கு வெளியே அந்த நீலச் செருப்பு. முனை இரண்டும் உள்ளே பார்த்தபடி.

செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே.

அந்த அறையில் இருந்தது நானும் ஒரு முக்காலியும் சுவிட்சுப் பலகையும்தான்.

மணி மறுபடி அடித்தது.

என் மணிக்கட்டை ஏதோ பிடித்தது. உலர்ந்த பிடி. சொரசொரவென்று, சிமெண்ட் வேலை செய்து வெடித்த உள்ளங்கை மாதிரி. குனிந்து பார்த்தேன். என் கறுத்த தோலின் மேல் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக மாவு படிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"ஐயா..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிடி இறுகியது. பொத்தானுக்கும் விரலுக்கும் நூலளவு இடைவெளி. விரல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அவசரம் ஓடி வந்தார். வாய் அசைந்தது. என்னைத் தள்ளிவிட்டுத் தானே போடப்போகிற வேகம். ஒரு காலைத் தூக்கி வாசற்படியில் வைக்கப் போனவர் கீழே பார்த்தார். தூக்கிய கால் அப்படியே நின்றது. இத்தனை நாள் "கிடக்கும்" என்று சொன்ன மனிதர் அந்தச் செருப்பைத் தாண்டவில்லை.

"மேல ஏறிப் பாருங்க!" என்று இன்னொரு கையால் ஏணியைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். "யாராவது பாருங்க!"

பை தைக்கிற அக்கா ஓடியது தெரிந்தது. ஏணியில் ஏறியது தெரிந்தது. பிறகு அவர் போட்ட அலறல் ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

தொட்டியின் வாயிலிருந்து மாப்பிள்ளை வெளியே வந்தார். கையில் சுரண்டும் தகடு, முகமெல்லாம் மாவு, நடுவில் ஓர் அசட்டுச் சிரிப்பு. "ஏன் எல்லாரும் கத்துறீங்க? நான்தான் சொல்லிட்டு இறங்கினேனே."

நான் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். வாசற்படியில் செருப்பு இல்லை. மணிக்கட்டில் நான்கு வெள்ளைக் கோடுகளும், அடியில் ஒன்றும். கழுவியதும் போயின. ஆனால் கட்டைவிரல் விறைத்தது விறைத்ததுதான், மடங்கவே இல்லை. நரம்பில் ஒரு குறையும் இல்லை, பயத்தில் வந்தது, தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

அன்றோடு வேலையை விட்டேன். மாப்பிள்ளையையும் விடச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "வேற எங்க போறது மச்சான்? எல்லா ஷெட்டும் இப்படித்தான் இருக்கு," என்றார். புதிதாக ஒரு சுவிட்சுக்காரரைப் போட்டார்கள். மாப்பிள்ளை மறுபடி இறங்க ஆரம்பித்தார்.

தங்கைதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து என் கட்டைவிரலை இழுத்துப் பார்ப்பாள். விறைப்பாக இருந்தால், "அந்த ஐயா பிடிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்காரு," என்று சொல்லிவிட்டுப் போய்க் கணவரை வேலைக்கு அனுப்புவாள். என் மனைவி எண்ணெய் தேய்த்துவிட வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தடுப்போம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்த விரல் மடங்காமல் இருக்கிறவரை மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நாங்கள் நம்பினோம்.

போன வாரம் ஒரு பகலில், தங்கை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினேன். டம்ளரைச் சுற்றி என் கட்டைவிரல் மெதுவாக, எந்த வலியும் இல்லாமல், மடங்கியது.

அவளும் பார்த்துவிட்டாள்.

டம்ளர் கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் அவள் என் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்திருந்தாள். காவலாளி ஏதோ கேட்டார், நிற்கவில்லை. ஷெட்டுக்குள் மெஷின் ஓடவில்லை. ஜெனரேட்டர் இல்லை. மணி மட்டும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது.

நேராகச் சுவிட்ச் அறைக்கு ஓடினோம்.

புதிய சுவிட்சுக்காரர் பலகை முன்னால் நின்றார். வலது கை பச்சைப் பொத்தானை நோக்கி நீண்டு, காற்றில் நின்றிருந்தது. முகத்தில் படிந்த மாவில் வேர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் வெள்ளையாக நான்கு விரல்.

"அண்ணே..." என்றார் என்னைப் பார்த்து. "பின்னால யாருண்ணே நிக்கிறது? கையை விடச் சொல்லுங்கண்ணே. வலிக்குது."

சுவருக்கு அப்பால் தொட்டிக்குள்ளிருந்து, தகட்டைச் சுரண்டும் சத்தம் சீராகக் கேட்டது. மாப்பிள்ளை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுரண்டிக்கொண்டிருந்தார்.

தங்கை என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். சுவிட்சுக்காரரின் தோளுக்குப் பின்னால் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"விட்டுடாதீங்கய்யா," என்றாள் மெல்ல. "அவரு இன்னும் வெளிய வரல."

சுவிட்சுக்காரர் வலியில் முனகினார். அந்த நான்கு விரல்களும் அவர் சதைக்குள் இன்னும் ஆழமாக இறங்கின.